சிங்கியின் காலணிகளும் அமெரிக்க டாலரும்: குற்றாலக் குறவஞ்சியை முன்வைத்து வெள்ளியின் சமூக வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் நிகழ்த்தும் உரையாடல் இதுகாறும் பெரும்பாலும் நகைச்சுவைப் பகுதியாகவே நயம் பாராட்டப்பட்டு வந்துள்ளது. அப்பகுதியில் இடம்பெறும் கால் அணிகளின் பட்டியலை ஓர் உழைக்கும் பெண்ணின் ஊதியப் பட்டியலாகப் படிக்க இயலும் என்பது இக்கட்டுரையின் வாதம். அவ்வணிகள் எம்மாழையால் ஆனவை என்னும் வினாவிலிருந்து தொடங்கி, அணியும் நாணயமுமாக மாறிமாறி நின்ற வெள்ளி, 1893இலும் 1918இலும் அமெரிக்க வெள்ளி அரசியலோடு எவ்வாறு பிணைந்தது என்பதை இது ஆராய்கிறது. தென்காசி, குற்றாலம், சங்கரன்கோவில் ஆகிய ஊர்கள் களமாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: குறவஞ்சி, வெள்ளி, சிலம்பு, ரூபாய், பெண் சேமிப்பு, தென்காசி, பிட்மன் சட்டம்

சொல்லும் பொருளும்

வெள் என்னும் அடியிலிருந்து பிறந்த வெள்ளி என்ற சொல் தமிழில் ஒரு கோளையும் ஒரு கிழமையையும் ஒரு மாழையையும் ஒருங்கே குறிக்கிறது. சங்கப் பாடல்களில் பல இடங்களில் இச்சொல் வானத்து வெள்ளியையே சுட்டுகிறது. அது தன் நிலை மாறித் தென்திசை செல்வது மழை பொய்ப்பதற்கான அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. மாழையைக் குறிக்க வெண்பொன் என்ற சொல்லும் வழங்கியது. பொன் என்பது மாழை அனைத்துக்கும் பொதுப்பெயராக நின்று, நிறத்தை அடையாகப் பெற்று, செம்பொன், வெண்பொன், கரும்பொன் எனப் பிரிந்தது. ஆகவே தமிழ் மரபில் வெள்ளி தனக்கென்று ஒரு பெயர் பெறுவதற்கு முன்பே பொன்னின் ஒரு வகையாக, இரண்டாம் இடத்தில் நின்றது எனலாம்.

அம்பலங்களின் வரிசையும் இத்தகையதே. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம் என ஐந்து சபைகள் எண்ணப்படுகின்றன. ஐந்தில் மாழையையோ மணியையோ பெயராகப் பெறாதது குற்றாலச் சித்திரசபை ஒன்றே. சுவரும் வண்ணமுமே அங்கு ஆடலரங்கு. வெள்ளியைப் பற்றிய ஓர் ஆய்வு வெள்ளியம்பலம் உள்ள மதுரையை விட்டுவிட்டுக் குற்றாலத்தைத் தேர்வது முரணாகத் தோன்றலாம். கோயிலின் வெள்ளியன்று, மக்களின் வெள்ளியே இக்கட்டுரையின் பொருள். அதற்கு வளமான சான்று மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் நூலில்தான் உள்ளது.

தமிழகத்தில் பெயர் சொல்லத்தக்க வெள்ளிச் சுரங்கம் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். போடிநாயக்கனூரில் கிடைத்த மீன் முத்திரையுள்ள வெள்ளி முத்திரைக் காசுகளும், கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகளும் இங்கு வெள்ளி புழங்கியதன் பழமையைக் காட்டுகின்றன. ஆனால் அவ்வெள்ளி வெளியிலிருந்து வந்தது. தென்காசியிலிருந்து ஆண்ட பிற்காலப் பாண்டியரின் காசுகள் பெரும்பாலும் செம்பே. தென்னகத்தின் உயர்மதிப்பு நாணயம் பொன்வராகனும் பணமுமாக இருந்தது. இதனால்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்துக்கு வெள்ளியையும் சோழமண்டலக் கரைக்குப் பெரிதும் பொன்னையும் அனுப்பியது. வெள்ளி தென்பாண்டி நாட்டில் நாணயமாவதற்கு நெடுங்காலம் முன்பே அணியாகிவிட்டது.

குறத்தியின் கால்

திருக்குற்றாலக் குறவஞ்சி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்காக அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசு பெற்ற சிங்கி, தன்னைத் தேடி வந்த சிங்கனைக் குற்றாலத்தில் சந்திக்கிறாள். நெடுநாள் பிரிந்திருந்த கணவன் அவள் உடலைக் கால் முதல் மேல்நோக்கிப் பார்த்து, கண்ணில் படும் ஒவ்வோர் அணியையும் வேறொன்றாகக் கண்டு வினவுகிறான்; அவள் அணியின் பெயரையும் அது வந்த நாட்டையும் கூறி விடையளிக்கிறாள்.

அவன் காலில் கடித்துக் கிடக்கும் பெரிய விரியன் பாம்பைக் காண்கிறான்; அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு. அதன்மேல் திருகலாய்க் கிடப்பது கோலத்து நாட்டார் தந்த தண்டை. நாங்கூழ்ப் புழு போல நெளிவது பாண்டியன் மகள் இட்ட பாடகம். செத்த தவளையைக் கட்டியதுபோல் இருப்பது குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம். சுண்டு விரலில் சுருண்ட பூச்சி, கண்டி தேசத்தில் முன்பு பெற்ற காலாழி, பீலி. தொடர்ந்து நெல்வேலியார் தந்த சல்லாச் சேலைக்கும், சாரைப்பாம்பெனத் தோன்றும் அரைஞாணுக்கும், காயலார் தந்த முத்தாரத்துக்கும் பார்வை ஏறுகிறது.

இப்பகுதியில் பெரிதும் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. சிலம்பு, தண்டை, பாடகம், கெச்சம், காலாழி, பீலி ஆகிய கால் அணிகள் எதற்கும் கவிராயர் மாழையின் பெயரைச் சொல்லவில்லை. பார்வை இடைக்கு வந்ததும் சோழன் குமாரத்தி தந்த அரைஞாண் ‘செம்பொன்’ எனக் குறிக்கப்படுகிறது. இடைக்குக் கீழே பொன் அணிவது திருமகளை அவமதிப்பதாகும் என்னும் வழக்கு தமிழகத்தில் இன்றும் வலுவாக உள்ளது. அவ்வழக்கைக் கருத்தில் கொண்டால், பொன்னின் பெயர் இடையில் தொடங்குவது தற்செயலன்று என்றும், சொல்லப்படாமல் விடப்பட்ட கால் அணிகள் வெள்ளியே என்றும் கருத இடமுண்டு.

ஆயினும் இம்முடிபை உறுதியாகக் கொள்ளுதல் கூடாது. வழக்குரை காதையில் கண்ணகி தன் காற்சிலம்பைப் பொற்சிலம்பு என்றே பாண்டியன் அவையில் கூறுகிறாள். பெருவணிகர் குடிப்பெண்ணின் காலில் பொன் கிடந்திருக்கிறது. ஆகவே ‘காலில் பொன் இல்லை’ என்பது எக்காலத்துக்கும் எல்லாக் குடிக்கும் பொருந்தும் விதியன்று. குறத்தியின் காலில் கிடந்தவை வெள்ளியாகவோ வெண்கலமாகவோ வெள்ளீயக் கலப்பாகவோ இருந்திருக்கலாம். வெள்ளி என்பது இங்கு வாய்ப்பு மிகுந்த விடை, நிறுவப்பட்ட விடையன்று.

ஊர்ப்பெயர்களையும் இதே எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். சேலம் இன்று தமிழகத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலின் தலைமையிடம்; செவ்வாய்ப்பேட்டையும் சுற்றுப்புறங்களும் அத்தொழிலால் வாழ்கின்றன. எனவே, குறவஞ்சியின் சேலத்துச் சிலம்பை இன்றைய சேலத்துக் கொலுசின் முன்னோடியாகக் காட்டும் ஆவல் எழுவது இயல்பு. ஆனால் சேலத்துக்குச் சிலம்பும் பாண்டியனுக்குப் பாடகமும் கண்டிக்குக் காலாழியும் மோனையால் அமைந்தவை. ஓசை தேர்ந்த ஊரை உற்பத்தி மையமாகக் கொள்வது யாப்பை வணிகப் பதிவேடாக்கும் பிழையாகும். ஒன்று மட்டும் சொல்லலாம்: வட மலையாளத்துக் கோலத்து நாடு முதல் கண்டி வரை விரியும் ஒரு நிலப்பரப்பு, குறி சொல்லும் பெண்ணொருத்தி நடந்து திரும்பத்தக்க பரப்பாகத் தென்காசிப் பக்கத்துப் புலவர் ஒருவருக்கும் அவர்தம் அவையினருக்கும் தோன்றியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது அணிகள் வந்த வழி. அவை சீதனமாக வந்தவையல்ல. கணவன் வாங்கித் தந்தவையுமல்ல. குறி சொல்லிப் பெற்றவை, அதாவது ஊதியம். நடந்து வாழ்பவளுக்கு நிலமில்லை, களஞ்சியமில்லை, பெட்டியுமில்லை. பெற்றதை உடலில் பூண்பதே பாதுகாப்பு. அவ்வகையில் சிங்கியின் கால் ஒரு கணக்கேடு. அக்கணக்கில் தன் பங்கு ஏதுமில்லாத சிங்கனுக்கு அது பாம்பாகவும் புழுவாகவும் செத்த தவளையாகவும் தெரிகிறது. அவன் அறியாமையைக் கண்டு நகைப்பது அவைக்கு எளிது. ‘இது உனக்கு எப்படி வந்தது?’ என்ற ஐயம் அந்நகையின் அடியில் ஓடுவதைப் பதிப்புரைகளும் நயவுரைகளும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் கருத்து. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே ஐயம் சட்டவடிவம் பெற்றது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாகாணத்தில் குறவர் சமூகத்தினர் அறிவிக்கப்பட்டனர். குறவஞ்சியின் குறத்தி புலவர் படைத்த பாத்திரமே, இனவரைவியல் சான்றல்லள். எனினும் அலைந்து ஈட்டுபவளின் உடைமை எப்போதும் விளக்கம் கேட்கப்படும் உடைமையாக இருந்தது என்பதற்குப் பாடலும் சட்டமும் ஒருசேரச் சான்றாகின்றன.

ரூபாய் எடை

1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை கம்பெனியின் கைக்கு மாறியபோது திருநெல்வேலிச் சீமையும் அதனோடு சென்றது. 1818இல் சென்னை மாகாணத்தின் நிலையான நாணயமாக வெள்ளி ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாயை நிறுவியது. அதன் எடை 180 கிரெயின். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 165 கிரெயின், தூய வெள்ளி.

இந்த 180 கிரெயினே ஒரு தோலா. நாணயமே எடைக்கல்லாகவும் ஆயிற்று. மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர் எனச் சென்னை மாகாணத்து நிறைவாய்பாடு அமைந்தது. கொலுசு எத்தனை ரூபாய் எடை என்று கேட்பதும், ஆசாரியிடம் ரூபாய் நாணயங்களைக் கொடுத்து உருக்கிக் காப்போ தண்டையோ செய்துகொள்வதும் இயல்பாயின. கூலி ரூபாயாக வந்தது, ரூபாய் கொலுசாயிற்று, முடை வந்தபோது கொலுசு மீண்டும் ரூபாயாயிற்று. இம்மாற்றத்தில் இழப்பு மிகக் குறைவு. காரணம், அன்றைய சட்டப்படி எவரும் வெள்ளியை அக்கசாலைக்குக் கொணர்ந்து சிறு கட்டணம் செலுத்தி நாணயமாக்கிக்கொள்ளலாம். சென்னை அக்கசாலை 1869இல் மூடப்பட்டபின் இவ்வசதி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சுருங்கியது. ஆயினும் வணிகர் வழியாக அது தொலைவிலுள்ள சிற்றூரையும் எட்டியது.

1876–78ஆம் ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சத்தில் இவ்வேற்பாட்டின் பயன் வெளிப்பட்டது. பஞ்சம் வாட்டிய மாவட்டங்களிலிருந்து வெள்ளி அணிகள் பெருமளவில் பம்பாய் அக்கசாலைக்கு வந்து உருக்கப்பட்டதைக் காலனி ஆட்சியின் ஆவணங்களே பதிவு செய்கின்றன. இந்தியர் வெள்ளியைப் புதைத்து வீணாக்குகின்றனர் என்று ஐரோப்பியப் பொருளியல் எழுத்தாளர் இடைவிடாது குறைகூறிய காலம் அது. அவர்கள் புதையல் என்றது உண்மையில் பஞ்சக் காப்பீடு. அதைப் பெரும்பாலும் பெண்கள் தம் உடலில் சுமந்தனர். மழை பொய்த்ததும் அது அசைந்தது. வெள்ளி என்னும் கோளும் வெள்ளி என்னும் மாழையும் அவ்விடத்தில் ஒன்றையொன்று தொட்டன என்று ஒரு புலவர் சொல்லக்கூடும். ஆய்வாளர் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை.

1893: கதவடைப்பு

1859இல் நெவாடாவில் கண்டறியப்பட்ட காம்ஸ்டாக் படிவு உள்ளிட்ட அமெரிக்கச் சுரங்கங்கள் உலகச் சந்தையில் வெள்ளியைக் குவித்தன. ஜெர்மனி பொன்னுக்கு மாறியது. 1873ஆம் ஆண்டின் அமெரிக்க நாணயச் சட்டம் வெள்ளி டாலரை வழக்கிலிருந்து விலக்கியது. வெள்ளிக் கட்சியினர் அதனை ‘73இன் குற்றம்’ என்றே பின்னர் அழைத்தனர். வெள்ளியின் விலை சரிந்தது. வெள்ளியால் ஆன ரூபாயும் உடன் சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 23 பென்சாக இருந்த ரூபாய் 1892–93இல் 15 பென்சு அளவுக்கு இறங்கியது. பிரிட்டனுக்குச் செலுத்த வேண்டிய ‘தாயகச் செலவுகள்’ பொன்னில் கணக்கிடப்பட்டமையால் இந்திய அரசின் சுமை ஏறிக்கொண்டே சென்றது. ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி 1893 சூன் 26 அன்று இந்திய அக்கசாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன.

இம்முடிவு இரு கண்டங்களில் இரு வகையாக எதிரொலித்தது. அமெரிக்காவில் வெள்ளி விலை சில நாள்களிலேயே கடுமையாக வீழ்ந்தது. அவ்வாண்டின் நிதிநெருக்கடி முற்றி, அரசு வெள்ளி வாங்குவதைக் கட்டாயமாக்கிய ஷெர்மன் சட்டம் நவம்பரில் நீக்கப்பட்டது. அதன் அரசியல் விளைவே 1896இல் சிகாகோ மாநாட்டில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன் ஆற்றிய ‘பொற்சிலுவை’ உரை. உழவரும் கடனாளிகளும் வெள்ளியைத் தம் மாழையாகக் கொண்டனர். வங்கியாளரின் மாழை பொன்.

இந்தியாவிலோ எதிர்ப்பு இத்தகைய மக்கள் திரளாக எழவில்லை. தாதாபாய் நௌரோஜி போன்றோர் கண்டித்தனர். உண்மையில் இழந்தோர் அறிக்கை எழுதும் நிலையில் இல்லை. அதுவரை ஒரு ரூபாய் எடை அணிவெள்ளி ஏறத்தாழ ஒரு ரூபாய். இனி ரூபாயின் மதிப்பு 16 பென்சு என அரசாணையால் தாங்கப்படும்; அணியின் மதிப்போ உலகச் சந்தையோடு சரியும். பெண்ணின் காலிலிருந்த வெள்ளியும் அரசனின் தலை பொறித்த வெள்ளியும் வேதியியலால் ஒன்றாயினும் சட்டத்தால் வேறாயின. 1896–97லும் 1899–1900லும் இந்தியாவின் பல பகுதிகளைப் பஞ்சம் தாக்கியபோது, விற்கப்பட்ட அணிகள் பழைய விலை பெறவில்லை. நாணயக் கொள்கையின் வரலாறு பெரும்பாலும் செலாவணி விகிதத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதைக் கால் அணியின் நிலையிலிருந்தும் எழுத வேண்டும் என்பதற்குச் சிங்கியின் பட்டியல் நல்ல தூண்டுதல்.

இங்கு அமெரிக்க மக்கள் இலக்கியத்திலிருந்து ஓர் ஒப்புமை பயன்படும். எல். பிராங்க் பாம் 1900இல் வெளியிட்ட ‘ஓஸ் நாட்டு மந்திரவாதி’ கதையில் டோரதி என்னும் சிறுமி மஞ்சள் செங்கற்பாதையில் வெள்ளிக் காலணி அணிந்து நடக்கிறாள். 1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட், இக்கதை வெள்ளி அரசியலின் உருவகம் என்று விளக்கினார்: மஞ்சள் பாதை பொன், காலணி வெள்ளி, அறுவடையில் உழலும் வைக்கோல் மனிதன் உழவன். அவ்விளக்கம் வகுப்பறைகளில் உண்மையெனவே பரவியது. ஆசிரியரின் நோக்கத்துக்கு நேரடிச் சான்றில்லை எனப் பின்வந்தோர் காட்டினர். 1939இல் வந்த திரைப்படமோ டெக்னிக்கலர் வண்ணத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகக் காலணியைச் செம்மணிக் காலணியாக்கிவிட்டது, வெள்ளி மறைந்தது. டோரதியின் காலணியில் சொல்லப்பட்ட வெள்ளியை அளவுக்கு மீறி விளக்கினர். சிங்கியின் காலணியில் சொல்லப்படாத வெள்ளியை நாம் விளக்க முற்படும்போது அந்த நிகழ்வு நினைவில் இருக்க வேண்டும்.

உருகிய டாலர்

முதல் உலகப் போர் இந்தியாவிடம் பொருள்களைக் கேட்டது. பொருளுக்கு ஈடாக ரூபாய் கேட்கப்பட்டது. ரூபாய்க்கு வெள்ளி இல்லை. 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த் தாள் வெளியிடப்பட்டது. தாளைக் கொடுத்து வெள்ளியைப் பெற மக்கள் திரண்டனர். 1918 வசந்தத்தில் பம்பாயில் நாணயக் கையிருப்பு அபாய நிலைக்குச் சரிந்தபோது பிரிட்டன் அமெரிக்காவை நாடியது. 1918 ஏப்ரல் 23 அன்று நிறைவேறிய பிட்மன் சட்டம், அமெரிக்கக் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் 35 கோடி வரை உருக்கி விற்க இசைவளித்தது. 27 கோடிக்கும் மேற்பட்டவை உருக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 25.9 கோடி டாலர் நாணயங்களின் வெள்ளி இந்தியாவுக்கென்று பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அது ஏறக்குறைய 20 கோடி அவுன்சு.

இரு நாணயங்களின் அளவுகளை ஒப்பிட்டால் வியப்பூட்டும் ஒழுங்கு தெரிகிறது. அமெரிக்க வெள்ளி டாலரில் 371.25 கிரெயின் தூய வெள்ளி, ரூபாயில் 165. வகுத்தால் மீதமின்றி இரண்டேகால். உருக்கிய ஒவ்வொரு டாலரிலிருந்தும் இரண்டேகால் ரூபாய் பிறந்தது; மொத்தத்தில் சுமார் 58 கோடி ரூபாய் நாணயத்துக்கான வெள்ளி. விடுதலைத் தேவியின் தலை பொறித்த காசு ஐந்தாம் ஜார்ஜின் தலை பெற்றது. உழவரின் மாழையென்று பிரயன் போற்றிய அதே வெள்ளி, அமெரிக்க உழவரின் கைக்குச் செல்லாமல் கருவூலத்தில் கிடந்து, முடிவில் இந்திய உழவரின் மடிக்கு வந்தது. அக்காலத்து ரூபாய்கள் பல தென்காசிச் சந்தையிலும் புழங்கியிருக்கும். அவற்றுள் சில ஆசாரியின் உலைக்கும் சென்றிருக்கும். எந்தக் கொலுசு எந்த டாலர் என்று எவராலும் காட்ட முடியாது. உருக்கு உலை நினைவை வைத்துக்கொள்வதில்லை. வெள்ளியின் வரலாற்றை எழுதுவதில் உள்ள அடிப்படை இடர்ப்பாடும் இதுவே. கல்வெட்டு நிற்கிறது, செப்பேடு நிற்கிறது, திருமேனி நிற்கிறது. ஏழைப் பெண்ணின் தண்டை ஒவ்வொரு முடையிலும் உருகி வேறொருத்தியின் தண்டையாகிறது.

இரண்டாம் உலகப் போர் இவ்வுறவை முடித்து வைத்தது. 1940இல் ரூபாயின் வெள்ளி அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது; பழைய உயர்தர ரூபாய்கள் 1941 முதல் 1943 வரை படிப்படியாகச் செல்லாக்காசாக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன. திரும்பத் தராதோர் பலர். ‘விக்டோரியா ராணி ரூபாய்’ அணியாகவும் பூசைப் பெட்டியின் காசாகவும் நிலைத்தது. போர்க்காலத்தில் கடன்–குத்தகை ஏற்பாட்டின்கீழ் அமெரிக்கா இந்தியாவுக்குச் சுமார் 22.6 கோடி அவுன்சு வெள்ளி வழங்கியது. அவுன்சுக்கு அவுன்சு திருப்பித்தர வேண்டும் என்பது நிபந்தனை. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. சுதந்திர இந்தியா கலப்பு நாணயங்களைத் திரும்பப் பெற்று, கல்கத்தா அலிப்பூர் ஆலையில் வெள்ளியைப் பிரித்தெடுத்து, 1957இல் அக்கடனைத் தீர்த்தது. இந்தியரின் கைப்பட்டுத் தேய்ந்த காசுகளின் வெள்ளி கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தது.

திரையும் விழாவும்

நாணயத்திலிருந்து வெளியேறிய வெள்ளி வேறு வழிகளில் மக்கள் வாழ்வில் நுழைந்தது. இதனை விரிவாகப் பேச இங்கு இடமில்லை. ஒன்றிரண்டு குறிப்புகள் போதும். வெள்ளித்திரை என்ற சொல் ஒளியைத் திருப்பித் தருவதற்காக மாழைப் பூச்சிட்ட அக்காலத் திரைகளிலிருந்து ஆங்கிலத்தில் உருவாகித் தமிழுக்கு வந்தது. படச்சுருளும் வெள்ளியே: வெள்ளி உப்பு ஒளிபட்டுக் கருத்துத்தான் உருவம் பிறந்தது. ராச்செஸ்டர் நகரத்துக் கோடாக் நிறுவனம் அமெரிக்காவின் பெரும் வெள்ளி நுகர்வோருள் ஒன்றாக விளங்கியது இதனால்தான். ஓடி முடிந்த படச்சுருள்களை வெள்ளிக்காக உருக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. தமிழகத்துப் பேசாப்படங்கள் ஏறத்தாழ முற்றாக அழிந்துபோனமைக்குத் தீயும் புறக்கணிப்பும் முதற்காரணங்கள் எனினும், இந்தியப் படங்களின் இழப்பில் வெள்ளியின் விலைக்கும் பங்குண்டு. கொலுசுக்கு நேர்ந்ததே படத்துக்கும் நேர்ந்தது.

அமெரிக்க மக்கள் பண்பாட்டில் வெள்ளி பெரும்பாலும் ஆணின் வீரத்தோடு சேர்ந்தது. 1933இல் வானொலியில் தோன்றிய ‘லோன் ரேஞ்சர்’ வெள்ளித் தோட்டா உடையவன். அவன் குதிரையின் பெயரே சில்வர். சுரங்கமும் எல்லைப்புறமும் அவ்வெள்ளியின் பின்புலம். தமிழ்த் திரையுலகம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது வீரத்தையன்று, கணக்கை. 25 வாரம் ஓடிய படத்துக்கு வெள்ளி விழா. திருமண வாழ்வின் 25 ஆண்டுக்குரிய மேனாட்டுச் சொல், 175 நாள் ஓட்டத்துக்குரிய வணிகச் சொல்லாயிற்று. கே. பாலசந்தர் 1972இல் தம் படத்துக்கே அப்பெயரைச் சூட்டினார்.

காலும் உண்டியலும்

தென்காசிப் பகுதியின் இன்றைய நகைக்கடைகளில் வெள்ளி பெரும்பாலும் மூன்று பருவங்களுக்கு விற்கப்படுகிறது: குழந்தைக்கு அரைஞாணும் தண்டையும், பெண்ணுக்குக் கொலுசு, மணமகளுக்கு மெட்டி. சிங்கியின் பட்டியலில் உள்ள பாடகமும் கெச்சமும் பீலியும் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தன. காலாழியின் இடத்தை மெட்டி கொண்டது. எடை கிராமில் சொல்லப்படுகிறது. 1980 சனவரியில் அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்களின் கொள்முதலால் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கி, மார்ச்சு 27 அன்று உடைந்து வீழ்ந்தது. அத்தகைய ஏற்ற இறக்கம் இன்று ஒரு நாளுக்குள் கடைப்பலகையின் எண்ணை மாற்றுகிறது. பழைய கொலுசைக் கொடுத்துப் புதியது வாங்குவோரிடம் சேதாரமும் கூலியும் கழிக்கப்படுகின்றன. 1893இல் அணிக்கும் காசுக்கும் இடையே திறந்த இடைவெளி இந்தக் கழிவாக இன்றும் தொடர்கிறது.

இம்மாவட்டத்தில் வெள்ளி மற்றொரு வடிவிலும் புழங்குகிறது. 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்துக்குள் அடங்கும் சங்கரன்கோவிலில், கோமதி அம்மன் உறையும் சங்கரநாராயணர் திருக்கோயிலுக்கு வருவோர் பாம்பு, தேள் உருவங்கள் பொறித்த சிறு வெள்ளித் தகடுகளை வாங்கி உண்டியலில் இடுகின்றனர். நச்சுயிர்களின் தீண்டலிலிருந்து காக்க வேண்டும் என்பது வேண்டுதல். கண் நோய்க்குக் கண்மலரும் உறுப்பு நோய்க்கு உறுப்பு வடிவும் இடும் வழக்கம் தமிழகத்தின் பல கோயில்களில் உண்டு. அதன் ஒரு வகையே இது. குற்றாலத்துப் புலவர் அணியைப் பாம்பாகக் கண்ட ஒருவனைப் படைத்தார். அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஊரில் பாம்பே வெள்ளித் தகடாகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நேரடி மரபுத் தொடர்பு காட்டச் சான்றில்லை. ஆயினும் இரண்டிலும் வெள்ளி அச்சத்தின் அருகிலேயே வைக்கப்பட்டுள்ளது.

தகட்டில் கூலியுண்டு, எடையில்லை. பெரும்பாலானவை மிக மெல்லியவை. உண்டியல் திறக்கப்படும் நாளில் அவை காசிலிருந்து பிரிக்கப்பட்டு, வெள்ளி இனமாக நிறுக்கப்பட்டுக் கணக்கில் ஏறுகின்றன.